தீர்மான நோட்டில் என்ன எழுதியிருக்கிறது? கிராம சபையும் பிரசிடெண்டின் அதிகாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வார்டு உறுப்பினராக இருந்த காலத்தில் என்னிடம் வந்த கேள்வியெல்லாம் "தெரு லைட்டு எப்ப எரியும்?" ரகம்தான். பதவி முடிந்து வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் "இதைச் செய்ய பிரசிடெண்டுக்கு அதிகாரம் உண்டா?", "கிராம சபையில இதைக் கேட்கலாமா?" என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒரே பதிலைப் பத்துப் பேருக்குச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதிவைக்கிறேன். அடிப்படை, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. அதற்குத் தாய், 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 73-ஆவது திருத்தம். நகரத்துக்காரர்களுக்குக் கடைசிப் பக்கம் கொஞ்சம் இருக்கிறது.

கிராம சபை என்பதும் ஊராட்சி மன்றக் கூட்டம் என்பதும் ஒன்றுதானே?

இல்லை. குழப்பம் எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஊராட்சி மன்றம் என்றால் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய தலைவரும் வார்டு உறுப்பினர்களும். கிராம சபை என்றால் ஓட்டுப் போட்ட நாம். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர் என்று அரசமைப்பே (உறுப்பு 243) சொல்லிவிட்டது. யாரும் நம்மை நியமிக்கவில்லை, யாரும் நீக்கவும் முடியாது. மன்றத்துக்கு ஐந்தாண்டு ஆயுள். சபைக்கு ஆயுள் முடிவே கிடையாது.

கூட்டத்துக்குத் தலைமை தாங்குவது பிரசிடெண்ட் என்பதால் அது "அவர் கூட்டம்" போலத் தோன்றிவிடுகிறது. கல்யாணத்துக்குத் தலைமை தாங்குகிறவர் மாப்பிள்ளை ஆகிவிட மாட்டார்.

யார் போகலாம்? திருப்பூரில் வேலை பார்க்கிறேன், ஓட்டு மட்டும் ஊரில் இருக்கிறது.

ஓட்டு எங்கே இருக்கிறதோ அங்கே நீங்கள் உறுப்பினர். கை தூக்கலாம், பேசலாம், கையெழுத்துப் போடலாம். ஊரிலேயே முப்பது வருஷம் குடியிருந்தும் பட்டியலில் பெயர் இல்லாதவர் உட்கார்ந்து கேட்கலாமே தவிர, தீர்மானத்தில் அவர் கணக்கில் வர மாட்டார். மருமகளாக வந்த பெண்கள் பலர் பழைய ஊர்ப் பட்டியலிலேயே இருப்பார்கள். அதை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

வருஷத்துக்கு எத்தனை முறை?

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. முன்பு நான்கு நாள்தான். உலகத் தண்ணீர் தினமும் (மார்ச் 22) உள்ளாட்சி தினமும் (நவம்பர் 1) 2022-இல் வந்த அறிவிப்பால் சேர்ந்தவை. தேதி சில சமயம் நகரும். 2024-இல் தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்ததால் நவம்பர் 1 கூட்டம் 23-ஆம் தேதிக்குப் போனது. அந்த 23-ஐப் பற்றிக் கீழே சொல்கிறேன். இந்த ஆறு போக, தேவைப்பட்டால் சிறப்புக் கூட்டமும் கூட்டலாம்.

கூட்ட வேண்டியவர் பிரசிடெண்ட். அவர் கூட்டாமல் இருந்தால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் கூட்டலாம். "அவருக்கு இஷ்டமில்ல, அதான் நடக்கல" என்பது சட்டத்தில் இல்லாத காரணம்.

கூட்டம் நடந்ததே மறுநாள் பேப்பரில் பார்த்துத்தான் தெரிகிறது. முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

ஏழு நாள் முன்னால் சொல்ல வேண்டும். இடம், நேரம், என்னென்ன பொருள் பேசப்போகிறார்கள், மூன்றும் அறிவிப்பில் இருக்க வேண்டும். பழைய காலத்தில் தண்டோரா. அதை அடிக்கச் சொல்லி ஒரு குறிப்பிட்ட சாதிக்காரர்களையே அனுப்பிவந்த வழக்கத்துக்கு 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரின் கடிதம் தடை போட்டது. வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கச் சொன்னார்கள். நல்ல காரியம். ஆனால் சில ஊர்களில் தண்டோராவும் நின்றது, ஒலிபெருக்கியும் வரவில்லை. ஊராட்சி அலுவலகக் கதவுக்கு உட்பக்கம் ஒட்டிய காகிதம்தான் அறிவிப்பு. பூட்டிய கதவுக்குள் ஒட்டியதை யார் படிப்பது?

அப்படி நடந்தால் கூட்டத்துக்குப் போய், எழுந்து, "ஏழு நாள் அறிவிப்பு இல்லை என்பதைப் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லுங்கள். சண்டை வேண்டாம். அந்த ஒரு வரி நோட்டில் ஏறினால் போதும்.

இடமும் முக்கியம். கோயில், சர்ச், பள்ளிவாசல் வளாகங்களில் நடத்தக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் ஆட்சியர் அலுவலகச் செய்திக்குறிப்பில் வருகிறது. குக்கிராமங்கள் பல உள்ள ஊராட்சியில் இடத்தைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும். தலைவரின் தெருவிலேயே ஆறு கூட்டமும் நடந்தால், காலனிக்காரர்களும் தூரத்துக் குக்கிராமத்துக்காரர்களும் வர மாட்டார்கள் என்று தெரிந்தே நடத்துகிறார்கள் என்றுதான் பொருள்.

எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும்?

இதைக் கோரம் என்பார்கள். அரசு ஆவணத்தில் குறைவெண் வரம்பு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர். 501 முதல் 3,000 வரை 100 பேர். 3,001 முதல் 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர்.

இந்த எண்ணிக்கைதான் கிராம சபையின் பலம், அதுவே அதன் ஓட்டையும். 200 பேர் வேண்டிய இடத்தில் 60 பேர் வந்தால் கூட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும். யாரும் தள்ளிவைப்பதில்லை. மீதி 140 கையெழுத்து மாலைக்குள் வந்துவிடும்: நூறு நாள் வேலைத் தளத்தில், வீட்டுத் திண்ணையில், சில சமயம் ஒரே பேனாவில், ஒரே சாய்வில். எனக்குத் தெரிந்த ஓர் ஊராட்சியில் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய நகலில், அன்றைக்குச் சிங்கப்பூரில் இருந்த ஒருவரின் கையெழுத்து இருந்தது. அவர் அம்மா நகலைப் பார்த்துவிட்டு, "அவன் எழுத்து இவ்வளவு அழகா இருக்காதே" என்றார்.

அதனால் இரண்டு வேலை செய்யுங்கள். வெற்றுத் தாளிலோ கூட்டம் முடிந்த பிறகோ கையெழுத்துப் போடாதீர்கள். கூட்டத்திலேயே போடும்போது கடைசிப் பெயருக்குக் கீழே கோடு இழுத்து, மொத்தம் எத்தனை பேர் என்று எழுதச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

நான் என்னவெல்லாம் கேட்கலாம்?

சட்டம் கிராம சபைக்குக் கொடுத்திருக்கும் வேலைகளைப் பார்த்தாலே கேள்விகள் வந்துவிடும். கிராம வளர்ச்சித் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, வரவு செலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையை ஏற்பது, ஊராட்சியிடம் ஒப்படைத்த திட்டங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்ப்பது. வீடு கட்டும் திட்டம் முதலானவற்றின் பயனாளிப் பட்டியலும் இங்கே வாசிக்கப்பட வேண்டும்.

முதல் கேள்வி எப்போதும் படிவம் 30 பற்றியதாக இருக்கட்டும். ஊராட்சியின் வரவு செலவுச் சுருக்கம் அதில்தான் இருக்கும். அதை மக்கள் பார்வைக்கு வைத்து, கூட்டத்தில் வாசிக்க வேண்டும். "தெருவிளக்குப் பராமரிப்பு" என்று ஒரு தொகை இருக்கும். எந்தத் தெரு, எத்தனை பல்பு, பில் யாருடையது என்று கேளுங்கள். "ஊழல் நடக்குது" என்று கத்தினால் பத்து நிமிஷம் கைதட்டல் கிடைக்கும், நோட்டில் ஒரு எழுத்தும் ஏறாது. "குடிநீர்க் குழாய் பழுது என்று இந்தக் காலாண்டில் போட்டிருக்கும் தொகைக்கு எம்-புக் எங்கே?" என்று கேட்டால் ஊராட்சிச் செயலர் நிமிர்ந்து பார்ப்பார். எம்-புக் என்பது அளவுப் புத்தகம். பொறியாளர் அளந்து எழுதாமல் பில் போட முடியாது.

நூறு நாள் வேலைக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, சமூகத் தணிக்கைப் பொறுப்பைக் கிராம சபையிடமே வைத்தது. வேலை செய்தவர்களே வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பது என்பதைவிட எளிமையான தணிக்கை எனக்குத் தெரிந்து கிடையாது. தணிக்கைக்கு வந்தவர்களை எங்கே சாப்பிட வைப்பது என்பதில் காட்டும் அக்கறையைப் பதிவேட்டைக் காட்டுவதிலும் காட்டியிருந்தால் இன்னும் நன்றாக நடந்திருக்கும்.

போவதற்கு முன் ஒன்றிய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியைத் தேடிப் பாருங்கள். நிதிக்குழு மானியத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு என்பது அங்கே இருக்கும். போனிலேயே பார்க்கலாம்.

நான் சொன்ன தீர்மானத்தை எழுத மாட்டேன் என்கிறார்கள். "மேலிடத்துப் பொருள் மட்டும்தான்" என்கிறார் செயலர்.

அரசு அனுப்பும் பொதுவான கூட்டப்பொருள் ஒன்று உண்டு. டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, தூய்மை என்று வரும். எல்லா ஊருக்கும் ஒரே அச்சு. அதைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது என்று அர்த்தமில்லை. உங்கள் தீர்மானத்தை முன்கூட்டியே வெள்ளைத்தாளில் எழுதி, இருபது முப்பது பேர் கையெழுத்தோடு ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்குங்கள். பெற்றுக்கொள்ள மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ஒரு நகலைப் பி.டி.ஓ.வுக்கும் (வட்டார வளர்ச்சி அலுவலர்) அனுப்புங்கள்.

கூட்டத்தில் எழுதிய பிறகு படித்துக் காட்டச் சொல்லுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். "மதுக்கடையை அகற்ற வேண்டும்" என்று ஊரே கைதூக்கிய தீர்மானம், நோட்டில் "மதுவின் தீமைகள் குறித்து விவாதிக்கப்பட்டது" என்று மாறிக் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அதிகாரம் நாற்காலியில் இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். உண்மையில் அது அந்த நோட்டில், பேனா பிடித்திருக்கிறவர் கையில் இருக்கிறது.

கிராம சபைத் தீர்மானத்தை உச்ச நீதிமன்றமே மாற்ற முடியாதாமே?

வாட்சப்பில் வந்ததா? தவறு. எந்த அமைப்பின் முடிவும் சட்டத்துக்கு உட்பட்டதா என்று பார்க்க உயர் நீதிமன்றத்துக்கு அரசமைப்பின் 226-ஆவது உறுப்பு அதிகாரம் தருகிறது. ஊராட்சி மன்றம் போட்ட தீர்மானமாக இருந்தால், அது அதிகார வரம்பை மீறியது என்று கண்டு, சட்டத்தின் 202-ஆவது பிரிவின்படி ஆட்சியரே நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ முடியும்.

சரியான கேள்வி, எந்த விஷயத்தில் போட்ட தீர்மானம் என்பதுதான். ஊராட்சியின் பணம், திட்டம், பயனாளிப் பட்டியல் என்றால் அது கிராம சபையின் சொந்த வயல். அங்கே அதன் ஒப்புதல் இல்லாமல் செய்தால் கேள்வி கேட்கலாம், வழக்கும் போடலாம். மதுக்கடை, சுரங்கம், விமான நிலையம் என்றால் முடிவெடுக்கும் அதிகாரம் வேறிடத்தில் இருக்கிறது. அங்கே தீர்மானம் ஊரின் குரல், உத்தரவு இல்லை.

குரல்தானே என்று தள்ளிவிடவும் வேண்டாம். மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது, நான் சொன்ன அந்த 2024 நவம்பர் 23 கூட்டத்தில் அரிட்டாபட்டி முதலிய ஊர்களில் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ரத்து செய்ய வைத்தது கிராம சபைத் தீர்மானம் இல்லை. ஊர் ஊராக நடந்த போராட்டமும், மதுரைக்கு நடந்தே போன கூட்டமும்தான். ஆனால் "ஊர் இதை விரும்பவில்லை" என்பதற்குத் தேதியோடு, கையெழுத்தோடு ஒரு தாள் இருந்தது. அரசியல்வாதி ஒருவர் "மக்கள் ஆதரிக்கிறார்கள்" என்று சொல்ல முடியாமல் போனது அந்தத் தாளால்.

தீர்மானமே உத்தரவான கதையும் உண்டு. ஒடிசாவில் நியமகிரி மலையில் பாக்சைட் தோண்டுவது பற்றிக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 ஊர்களில் சபை கூடியது. அந்த மலையின் பழங்குடிகளான டோங்கிரியா கோந்த் மக்களின் ஊர்கள் உள்ளிட்ட 12 ஊரும் வேண்டாம் என்றன. வேதாந்தா நிறுவனத்தின் சுரங்கத் திட்டம் அங்கே நின்றது. காரணம், அங்கே 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு நேரடியாக அதிகாரம் கொடுத்திருந்தது. நம் சமவெளி ஊர்களுக்கு அந்தச் சட்டத்தின் துணை கிடையாது. நியமகிரியைச் சொல்லி மேடையில் பேசுகிறவர்கள் இந்த வித்தியாசத்தையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

பிரசிடெண்ட் தனியாக என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

அவர் ஊராட்சியின் செயல் அலுவலர். மன்றம் முடிவெடுக்கும், அவர் நிறைவேற்றுவார். சுருக்கமாகச் சொன்னால் அவ்வளவுதான். மன்றத்தில் தீர்மானமாகாத ஒன்றை "நான் சொல்றேன்ல" என்று செய்ய அவருக்கு இடமில்லை. பெரிய வேலை என்றால் மதிப்பீடு, தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி எல்லாம் வேண்டும். 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் ஊராட்சிக்கும் பொருந்தும். தானோ தன் பங்குதாரரோ ஊராட்சி வேலையை எடுத்துச் செய்வது பதவிக்கே ஆபத்து.

பட்டா, சாதிச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் வருவாய்த் துறை. ரேஷன் கார்டு உணவுப் பொருள் வழங்கல் துறை. புறம்போக்கு நிலத்தை "நீ வச்சுக்கோ" என்று கொடுக்க அவருக்கு உரிமை இல்லை, கொடுத்தாலும் செல்லாது. குடும்பத் தகராறைப் பேசி, அபராதம் போட்டு, ஊரைவிட்டு ஒதுக்குவதெல்லாம் கட்டப் பஞ்சாயத்து. பெயரில் பஞ்சாயத்து இருப்பதால் அது ஊராட்சி வேலை ஆகிவிடாது.

அதிகம் பேர் ஏமாந்தது மனை விஷயத்தில். "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று ரோட்டோரம் போர்டு வைத்து விற்றார்களே, நினைவிருக்கிறதா? மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருகிற அதிகாரம் தலைவருக்குக் கிடையாது. அது நகர் ஊரமைப்புத் துறையின் வேலை. அவர் முத்திரை குத்திய வரைபடத்தை நம்பி லட்சக்கணக்கானவர்கள் வாங்கினார்கள். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டபோதுதான், பீரோவில் இருக்கும் பத்திரத்தின் மதிப்பு பலருக்குத் தெரிந்தது. பிறகு 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைப்பிரிவுகளுக்குப் பணம் கட்டி வரன்முறை செய்துகொள்ள வழி பிறந்தது. இல்லாத அதிகாரத்தில் குத்திய ஒரு ரப்பர் முத்திரைக்கு ஊர் கட்டிய அபராதம் அது.

வீடு கட்ட அனுமதி? அதிலும் பழைய பிடி தளர்ந்துவிட்டது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர்களுக்கு, 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. "பிரசிடெண்டைப் பார்த்துட்டு வாங்க" என்று யாராவது சொன்னால், எதற்காகப் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

செக்கில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள்?

தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து. ஒருவர் கையெழுத்து மட்டும் போதாது என்று சட்டம் வைத்தது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான். நடைமுறையில் இரண்டு விதமாகக் கெடுகிறது. இருவரும் ஒரே கோஷ்டி என்றால் செக் புத்தகம் முழுக்க முன்கூட்டியே கையெழுத்தோடு இருக்கும். வேறு கோஷ்டி என்றால் துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம்கூடப் போகாது. தலைவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவராகவும் துணைத் தலைவர் ஊரின் ஆதிக்கச் சாதியாகவும் இருக்கும் இடங்களில், இந்த இரண்டாவது கையெழுத்து தலைவரை முடக்குகிற கருவியாக மாறியதும் உண்டு. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பெண் தலைவர் ஒருவரைத் தரையில் உட்கார வைத்த படம் 2020-இல் நாடு முழுக்கப் போனது. அதிகார வரம்பைப் பற்றிப் பேசும்போது, சட்டம் கொடுத்த அதிகாரத்தையே சிலருக்கு ஊர் கொடுப்பதில்லை என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். மேலவளவில் 1997-இல் ஊராட்சித் தலைவர் முருகேசனைக் கொன்றது அவர் வரம்பு மீறியதற்காக இல்லை. தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தலில் 2006 வரை பத்தாண்டு காலம் தேர்தலே ஒழுங்காக நடக்கவில்லை.

இப்போது பல பணப் பரிமாற்றங்கள் டிஜிட்டல் கையொப்பத்தில் நடக்கின்றன. பென்டிரைவ் மாதிரி ஒரு பொருள் கொடுத்திருப்பார்கள். அது யார் பையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். தலைவருக்கே தெரியாத ஊர்கள் உண்டு.

எங்கள் தலைவர் ஒரு அம்மா. ஆனால் கூட்டத்தை நடத்துவது அவர் வீட்டுக்காரர்.

வீட்டுக்காரருக்குச் சட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. நாற்காலியில் உட்கார, பதிவேட்டைப் புரட்ட, அதிகாரிகள் கூட்டத்துக்குப் போக, எதற்கும் உரிமை இல்லை. பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016-இல் திருத்தம் வந்தது. அதனால் கிடைத்த இடத்தில் கணவர் உட்கார்ந்தால், திருத்தம் வந்ததற்கு அர்த்தமே இல்லை. கூட்டத்தில் "அக்கா, நீங்களே சொல்லுங்க" என்று தலைவரைப் பார்த்துக் கேள்வி கேளுங்கள். இரண்டு கூட்டத்துக்கு அவர் தடுமாறலாம். மூன்றாவதில் பேசிவிடுவார். அப்படிப் பேச ஆரம்பித்த ஒருவர் பிறகு பி.டி.ஓ.வையே உட்கார வைத்துக் கேள்வி கேட்டார், வீட்டுக்காரர் வெளியே வண்டியில் காத்திருந்தார்.

வார்டு உறுப்பினர்கள் கூட்டம் எப்போது நடக்கிறது என்றே தெரிவதில்லை. ரகசியமா?

ரகசியமாக நடப்பதைவிட மோசம்: பல இடங்களில் நடப்பதே இல்லை. தீர்மான நோட்டை ஒரு ஆள் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி வருவார். என் வீட்டுக்கும் வந்திருக்கிறது. முதல் வருஷம் நானும் போட்டேன் என்பதை ஒளிப்பதில் பயனில்லை. எதற்குப் போட்டேன் என்று மனைவி கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு கூட்டத்தில் மட்டுமே போடுவேன் என்றேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் 1953 முதல் பிரவுன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. உள்ளாட்சி மன்றம் வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பு பொருள் பட்டியலை ஒட்ட வேண்டும், பட்டியலில் இல்லாததில் பொதுவாக முடிவெடுக்கக் கூடாது. பெரும்பான்மை உறுப்பினர்கள் தனியாகக் கூடியோ, ஒருவர் மாற்றி ஒருவருக்குப் போன் பேசியோ முடிவு செய்வதற்கும் தடை. நோட்டை வீடு வீடாக அனுப்புவது அங்கே நேராக அந்தத் தடைக்குள் வந்துவிடும். நம்மிடம் மக்கள் சபைக்கு அவர்களைவிடப் பெரிய இடம் கொடுத்திருக்கிறோம். மன்றக் கூட்டத்தைத் திறந்துவைப்பதில் கோட்டை விட்டோம் என்பது என் கருத்து.

கையில் இருக்கும் சாவி, தகவல் உரிமைச் சட்டம், 2005-இன் 4-ஆவது பிரிவு. ஒவ்வொரு பொது அமைப்பும் தன் குழுக்களின் கூட்டங்கள் மக்களுக்குத் திறந்தவையா, நடவடிக்கைக் குறிப்புகளை மக்கள் பார்க்க முடியுமா என்பதை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று அது சொல்கிறது. உங்கள் ஊராட்சி வெளியிட்டதா என்று கேட்பதே ஒரு நல்ல தொடக்கம்.

தலைவரை மக்களே திரும்ப அழைக்கலாமா?

தமிழ்நாட்டில் அப்படி வழி இல்லை. 205-ஆவது பிரிவு இருக்கிறது. தலைவர் வேண்டுமென்றே சட்டத்தை மீறினார், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று ஆட்சியர் தாமாகவே கருதினாலோ, மன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் குற்றச்சாட்டை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தாலோ, விளக்கம் கேட்டு நோட்டீஸ் போகும். பிறகு தாசில்தார் மன்றத்தைக் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்வார். முடிவு ஆட்சியர் கையில். இதில் எனக்கு உறுத்தல் உண்டு. ஊர் தேர்ந்தெடுத்தவரை நீக்குவதில் ஊருக்கு எந்தப் பங்கும் இல்லை, அதிகாரிக்கு இருக்கிறது. அவசரக் காரணங்களுக்கான 203-ஆவது பிரிவைக் காட்டித் தலைவரின் செக் அதிகாரத்தைப் பறிப்பதும் அடிக்கடி செய்தியாகிறது.

லஞ்சம் என்றால் தனி வழி. தேர்ந்தெடுக்கப்பட்டவரும் ஊழல் தடுப்புச் சட்டப்படி பொது ஊழியர்தான். லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாம்.

தலைவரே இல்லாதபோது?

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று 243-ஈ உறுப்பு சொல்கிறது. நாம் அதை மீறுவது இது முதல் தடவை இல்லை. 2016-இலும் தேர்தல் நின்று மூன்றாண்டுக்கு மேல் அதிகாரிகளே ஊராட்சிகளை நடத்தினார்கள். தனி அலுவலர் வந்தாலும் கிராம சபை கலைவதில்லை. கூட்ட வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். ஓட்டுக் கேட்டு வர வேண்டிய அவசியம் இல்லாதவரிடம் கேள்வி கேட்பது கடினம் என்பதால், அந்தக் காலத்தில் இன்னும் அதிகம் பேர் போக வேண்டும்.

கட்சிகள் கிராம சபை நடத்தலாமா?

கூட்டம் போடலாம், அதற்குக் கிராம சபை என்று பெயர் வைக்க முடியாது. 2020 டிசம்பரில், அப்போது எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. "மக்கள் கிராம சபை" என்று ஊர் ஊராக நடத்தியபோது அரசு தடுத்தது, அவர்கள் "மக்கள் வார்டு சபை" என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். அதே ஆண்டு அக்டோபர் 2 கூட்டத்தைக் கொரோனாவைக் காரணம் காட்டி முந்தின இரவு ரத்து செய்தது அன்றைய அரசு. ஊருக்கு ஊர் ஒன்றிய அரசின் வேளாண் சட்டங்களை எதிர்த்துத் தீர்மானம் வரவிருந்த நாள் அது.

டவுனில் இருப்பவர்களுக்கு?

வார்டு குழு, பகுதி சபை என்று வந்திருக்கின்றன. முதல் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1-இல் கூடின. கிராம சபையைப் போல எல்லா வாக்காளரும் நேராகச் சேர்ந்து பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தரும் இடம் இல்லை, கோரிக்கை வைக்கும் இடம். கவுன்சிலருக்குக் கட்டடத்தை நிறுத்தவோ கடைக்குச் சீல் வைக்கவோ அதிகாரம் இல்லை. அது ஆணையரின் வேலை. வீட்டு வாசலில் ஜல்லி கொட்டியதும் ஆள் அனுப்புகிற கவுன்சிலரிடம், எந்தச் சட்டத்தின் கீழ் என்று கேட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.

தீர்மான நகல் எப்படி வாங்குவது?

பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, மேலே 10 ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லை. "இன்ன தேதியில் நடந்த கிராம சபைக் கூட்டத்தின் தீர்மானப் பதிவேட்டுப் பக்கங்கள், கலந்துகொண்டவர்கள் கையெழுத்துப் பக்கங்கள்" என்று கேளுங்கள். இரண்டாவதை மறக்காதீர்கள். "ஏன்", "எதற்கு" என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்ல அவர்களுக்குக் கடமை இல்லை. 30 நாளில் வரவில்லை என்றால் முதல் மேல்முறையீடு, அதுவும் பலிக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். மனுவை ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கான ஒப்புகையோடு அனுப்புங்கள். அந்த ஒப்புகை வரும் நாளில், பெரும்பாலும் செயலரிடமிருந்து போனும் வரும்: "அண்ணே, நேர்ல கேட்டிருந்தா குடுத்திருப்பேனே?"